நகரத்தை விட்டு வெளியேறும் வழி: சியாட்டிலிலிருந்து ஸ்னோக்குவால்மி சுரங்கம் வரை சைக்கிளில்

சியாட்டிலுக்குக் கிழக்கே, காஸ்கேட் மலையடிவாரத்தில் ராட்டில்ஸ்நேக் ஏரி இருக்கிறது. அங்கே தொடங்கும் ‘பாலூஸ் டு காஸ்கேட்ஸ்’ பாதை, மலையைக் குடைந்த 2.3 மைல் நீளச் சுரங்கத்துக்குள் புகுந்து, கொலம்பியா ஆற்றைத் தாண்டி, ஐடஹோ எல்லை வரை 250 மைலுக்கு மேல் போகிறது. கார், பைக் எதற்கும் அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில் போகலாம். பலரும் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு போய் இங்கே ஓட்டிவிட்டு வருவார்கள். நானும் அப்படித்தான்.

போன வருஷம் என் மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, சைக்கிள் ஓட்டறதுக்கு எதுக்குக் கார்ல போறோம்?” பதினைந்து வயது. என்னிடம் பதில் இல்லை. சரி, வீட்டு வாசலிலிருந்தே கிளம்புவோம் என்று முடிவு செய்தோம். மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: “கார் பறக்கிற ரோட்டுல அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க.”

முதலில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டியே போனால் நார்த் பெண்ட் ஊருக்கு 30 மைல்தான். மிதவைப் பாலத்தின் ஓரத்தில் சைக்கிள் பாதை உண்டு. மெர்சர் தீவைத் தாண்டும் வரை சுகம். பெல்வியூவுக்குள் நுழைந்ததும் பாதை அறுந்துவிட்டது. மிச்சமெல்லாம் மேடும் பள்ளமுமான சாலை. ஓர் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கையில் ஒரு பிக்கப் வண்டியின் கண்ணாடி என் இடது முழங்கையை உரசாத குறையாகப் போனது. அங்கேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். மகளை இந்த வழியில் கூட்டி வர முடியாது. திரும்பிவிட்டேன்.

கேள்வியே தப்பு

அன்று இரவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் “எந்த ரோடு?” என்று தேடிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர வேண்டிய பாதையோ ஒரு பழைய ரயில் தடம். மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் 1909-இல் இந்த மலையைக் கடந்தது. சுரங்கம் 1915-இல் திறந்தது. 1980-இல் இந்த ரயிலே நின்றுபோனது. அப்படியானால் நகரத்திலிருந்து வெளியே போன பழைய ரயில் எது என்றுதானே பார்க்க வேண்டும்?

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பர்க்-கில்மன் பாதை, ரெட்மண்டிலிருந்து இஸ்ஸக்வா போகும் கிழக்கு சமாமிஷ் ஏரிப் பாதை, இஸ்ஸக்வா-ப்ரெஸ்டன் பாதை, ப்ரெஸ்டன்-ஸ்னோக்குவால்மி பாதை. பெயர்ப் பலகைகள் வேறு வேறு. ஆனால் நான்கும் ஒரே ரயில்!

கதை இதுதான். நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் 1873-இல் தன் கடைசி நிலையத்தை டகோமாவில் அமைப்பதாக அறிவித்தது. சியாட்டில்காரர்களுக்கு ரோஷம் வந்தது. நாமே ஒரு ரயில் போட்டு மலையைத் தாண்டுவோம் என்று 1885-இல் தாமஸ் பர்க், டேனியல் கில்மன் முதலானோர் சேர்ந்து ‘சியாட்டில், லேக் ஷோர் அண்ட் ஈஸ்டர்ன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாஷிங்டன் ஏரியை வடக்கே சுற்றிக்கொண்டு, சமாமிஷ் ஏரியின் கிழக்குக் கரையோடு இறங்கி, ஸ்னோக்குவால்மி வரை தடம் போட்டார்கள். இன்றைய இஸ்ஸக்வா ஊருக்கு 1899 வரை கில்மன் என்றே பெயர். மலையை மட்டும் அந்த ரயில் கடைசிவரை தாண்டவில்லை.

போன் வரைபடத்தில் சுருக்கு வழி கேட்டால் இது வராது. அது தூரத்தைக் குறைக்கப் பார்க்கும். இந்த ரயில் வழியோ நார்த் பெண்ட் போக ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஆனால் ஏற்றம் இல்லை.

ஏன் ரயில் தடம்?

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. அதனால் பாரம் இழுக்கும் ரயிலுக்கு 2 சதவீத ஏற்றமே அதிகம். பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றித் தடம் போட்டார்கள், குடைந்தார்கள், பள்ளத்தில் மரப்பாலம் கட்டினார்கள். அந்தச் செலவையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே நமக்காக யாரோ செய்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 95 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 1.7 சதவீத ஏற்றம் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 53 வாட் வேண்டும். 6 சதவீதச் சாலை என்றால் 186 வாட். முதலாவதை நாள் முழுக்கச் செய்யலாம். இரண்டாவதை என் வயதில், என் தொப்பையோடு, பத்து நிமிஷம் செய்தால் பெரிய விஷயம்.

இன்னொரு கேள்வி: ரயில் நின்ற பிறகு அந்த நிலம் ஏன் துண்டு துண்டாகிப் போகவில்லை? பல இடங்களில் போயிருக்கிறது. ரயில் நிறுவனத்துக்குப் பல இடங்களில் நிலம் சொந்தமில்லை. அதன் வழியே போகும் உரிமை மட்டும்தான். ரயில் கைவிடப்பட்டால் உரிமை பக்கத்து நிலக்காரருக்குப் போய்விடும். 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: பின்னொரு நாள் ரயில் திரும்ப வரலாம் என்று தடத்தை ‘சேமிப்பில்’ வைத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம். 1990-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கிழக்கு சமாமிஷ் ஏரிப் பாதை இப்படித்தான் பிழைத்தது. ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள் என்பது தனிக் கதை.

வழி அறுந்த இடங்கள்

வழி தெரிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான வேலை இடைவெளிகளில்தான். என் அனுபவத்தில் பாதை அறுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பாலத்தைப் பிரித்து எடுத்திருப்பார்கள். ப்ரெஸ்டனைத் தாண்டி ரேஜிங் ஆற்றின்மேல் இருந்த பாலம் இப்போது இல்லை. வளைந்து வளைந்து கீழே இறங்கி, சாலையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். இரண்டாவது காரணம்தான் பெரியது: அந்த இடத்தில் இரண்டு ரயில்களும் சேரவே இல்லை.

ப்ரெஸ்டன்-ஸ்னோக்குவால்மி பாதையின் முடிவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எதிரே 268 அடி ஸ்னோக்குவால்மி அருவி. கண்ணுக்கு எட்டியது, சைக்கிளுக்கு எட்டவில்லை. முன்பு ரயில் நேராகப் போன இடத்தில் இப்போது வழியே இல்லை. நமக்கு வேண்டிய அடுத்த தடம், மில்வாக்கி ரயிலின் எவரெட் கிளை, ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டு நிறுவனம், இரண்டு காலம், இரண்டு கரை. வரைபடத்தில் பச்சைக் கோடுகள் ஒட்டினாற்போல் தெரிகிறதே என்று நம்பிப் போனால் இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான்.

எங்களுக்குச் சரிப்பட்ட வழி இது. பெஞ்சு வரை போய் அருவியைப் பார்த்துவிட்டு, லேக் ஆலிஸ் சாலைக்குத் திரும்பி, ஃபால் சிட்டிக்கு இறங்கினோம். அங்கே ஆற்றைக் கடந்து ஸ்னோக்குவால்மி வேலி பாதையைப் பிடித்தோம். அருவிக்கு நேராக ஏறும் 202-ஆம் எண் சாலை குறுகலானது, அது வேண்டாம். வேலி பாதை காட்டுக்குள் மெதுவாக ஏறி, பழைய மர ஆலைக்குப் பக்கத்தில் அறுகிறது. கொஞ்ச தூரம் சாலையில் சுற்றிப் போனால் ரைனிக் பாலம். செங்குத்தான படிகள், சைக்கிளைத் தூக்கித்தான் ஏற வேண்டும். மூட்டையைக் கழற்றிவிட்டு, அவள் முன் சக்கரத்தைப் பிடிக்க, நான் பின்னால் தள்ளினேன்.

சாலையில் ஓட்ட வேண்டிய துண்டுகளை முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தேன். மனைவியிடம் மறைக்கவில்லை. மூன்று துண்டு, காலை வேளை, நான் பின்னால் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

மூன்று நாள். முதல் நாள் இஸ்ஸக்வாவில் நண்பர் வீடு, இரண்டாம் நாள் நார்த் பெண்ட், மூன்றாம் நாள் ராட்டில்ஸ்நேக் ஏரி வழியாக மலையேற்றம். ஏரியிலிருந்து சுரங்கத்தைத் தாண்டி ஹயாக் வரை சுமார் 20 மைல், 1,600 அடி உயரம். ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது.

சுரங்கத்தில் விளக்கு கிடையாது. கோடையிலும் குளிர் நடுக்கும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். குளிர்காலம் முழுக்க, ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை, மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நல்ல முன்விளக்கும், ஜல்லிப் பாதைக்கு அகலமான டயரும் கட்டாயம்.

உங்கள் ஊரில் தேட நினைத்தால்: முதலில் பழைய ரயில் வரைபடம். அடுத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிடப்பட்ட ரயில் தடங்கள். பிறகு அறுந்த இடங்களை மட்டும் பட்டியல் போட்டு, நேரில் போய்ப் பாருங்கள். பாதை இருக்கும் இடத்தைப் பாதை பார்த்துக்கொள்ளும்.

சுரங்கத்தின் அந்தப் பக்கம், ஹயாக்கில் மனைவி காரோடு நின்றிருந்தாள். சைக்கிள்களை மாட்டும்போது மகள் சொன்னாள்: “வரும்போதும் ஓட்டியே வந்திருக்கலாம்ப்பா. இறக்கம்தானே!” அடுத்த வருஷத்துக்கு அதுதான் திட்டம்.