கிறிஸ்மஸ் தீவின் வெள்ளி மீன்

பிடித்த மீனை மறுகணமே கடலில் விட்டுவிடுவதற்காக இலட்சக்கணக்கில் செலவு செய்து, உலகின் மறுகோடிக்குப் பறந்து செல்லும் மனிதரும் உளர். கரைவலை இழுத்து, கிடைத்ததைக் கூறுபோட்டு விற்று, எஞ்சியதைக் குழம்பாக்கும் நம் கடற்கரைப் பங்குகளின் மக்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு தீவில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்த வேடிக்கையால்தான்.

அத்தீவின் பெயரே நம்மை ஈர்க்கிறது. 1777-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கப்பற்தலைவர் ஜேம்ஸ் குக் அதனைக் கண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவை அங்கே கழித்ததால் 'கிறிஸ்மஸ் தீவு' என்று பெயரிட்டார். 1979-இல் விடுதலை பெற்ற கிரிபாஸ் நாட்டுக்கு உரியது அது. அந்நாட்டு மொழியில் 'ஸ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. 'டி', 'ஐ' என்னும் இரண்டு உரோமை எழுத்துகளைச் சேர்த்தே அவ்வொலியைக் குறிப்பர். எனவே நிலப்படத்தில் 'கிரிடிமடி' என்று நாம் படிப்பதும் கிறிஸ்மஸ் என்ற சொல்லேயன்றி வேறன்று. நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர்.

ஃபிஜித் தீவுகளில் மறைப்பணி ஆற்றிய இம்மானுவேல் ருஜியே என்ற பிரெஞ்சுக் குரு, பின்னர் வணிகத்தில் இறங்கி இத்தீவைக் குத்தகைக்கு எடுத்து, இலட்சக்கணக்கில் தென்னை நட்டார். காயலின் வாயில் ஒரு கரையில் இலண்டன், எதிர்க்கரையில் பாரிஸ். அவர் குடியிருந்த பாரிஸில் இன்று ஆள் இல்லை. சுவடுகள் மட்டுமே உள்ளன. அதன்பின் வந்தது கொடிய காலம். 1957, 1958 ஆண்டுகளில் பிரித்தானியரும், 1962-இல் அமெரிக்கரும் இத்தீவை ஒட்டியே அணுகுண்டுகளைச் சோதித்தனர். அன்றைய படைமுகாம் இருந்த இடத்தில்தான் இன்று குக்கின் பெயர் தாங்கிய விடுதி நிற்கிறது. தூண்டிற்காரர்கள் 1980-களிலிருந்து இங்கு வரத் தொடங்கினர்.

அவர்கள் தேடி வரும் மீனை ஆங்கிலத்தில் 'போன்ஃபிஷ்' என்பர். தீவு மக்கள் 'இகாரி' என்கின்றனர். பெயருக்கேற்ப முள் மலிந்தது. காயலினுள்ளே கணுக்கால் முதல் முழங்கால் வரையே நீர் நிற்கும் வெண்மணற் பரப்புகள் மைல் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. நீரேற்றத்தோடு இகாரி அவற்றின்மேல் ஏறி, மணலைக் கிளறி, இறாலையும் நண்டையும் தின்னும். அதன் செதில்கள் கண்ணாடி போன்றவை. சுற்றியுள்ள ஒளியையே திருப்பிக் காட்டுவதால் அருகில் நின்றாலும் மீன் தெரியாது. மணலில் விழும் அதன் நிழலே தெரியும்.

அந்த நிழலைக் காண்பதற்குத்தான் வழிகாட்டி. மீனவக் குடும்பங்களில் பிறந்த அவ்வூர் ஆண்கள் விருந்தினரோடு நாள் முழுவதும் நீரில் நடந்து, "அதோ, இடப்புறம், நாற்பது அடியில்" என்று மெல்லச் சொல்வர். விருந்தினர் கையில் ஒன்பது அடி நீளக் கோல். இதில் இரை இல்லை. இறகும் மயிரும் முள்ளில் சுற்றி இறால் போலச் செய்த பொய்யுருவே உண்டு. அதற்கு எடையில்லை, கயிறே கனமானது. கோலை முன்னும் பின்னும் வீசினால் கயிறு காற்றில் சுருள் விரித்துப் பறந்து, அந்த உருவை நீர்மேல் மெல்ல இறக்கும். சற்றே ஓசை எழுந்தாலும் மீன் மறைந்துவிடும். கவ்விவிட்டாலோ, நூறு கஜம் கயிற்றை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும்!

பிறகு அதை விடுவித்துவிடுகிறார்கள். விடுவதிலும் நெறி உண்டு. எதிர்முள் இல்லாத தூண்டில் வேண்டும். மீனை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கலாகாது. மயங்கித் தள்ளாடும் மீனைச் சுறா நொடியில் கண்டுகொள்ளும். புகைப்படத்துக்காக அதனைக் காற்றில் ஏந்திக்கொண்டு சிரித்து நிற்பவரைக் கண்டால் நமக்குச் சினமே எழுகிறது.

ஆனால் கேள்வி இதோடு தீரவில்லை. இத்தீவில் ஆறு இல்லை, மண் வளமற்றது, மழையை நம்புவதற்கில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கப்பலில் வரும் அரிசியையும் காயல் மீனையும் கொண்டே வாழ்கின்றனர். பால்கெண்டைக்கு விரித்த வலையில் இகாரியும் சிக்கும். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, வெளிநாட்டார் விளையாடுவதற்காக அதை நீரில் விடு என்று ஒரு தாய்க்கு எவர் சொல்வது? ஓர் இகாரி சந்தையில் ஒருமுறைதான் விலைபோகும். காயலில் உயிரோடிருந்தால் பலமுறை கூலி தரும் என்று வழிகாட்டிகள் கூறுகின்றனர். கணக்குச் சரியே. எனினும் அக்கூலி வழிகாட்டியின் வீட்டுக்குத்தான் போகிறது; அடுத்த வீட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. விருந்தினர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்குச் சேர்ந்தாலன்றி இவ்வழக்கு அடங்காது என்பதே நம் கருத்து.

இதே நாட்டின் தலைநகரான டராவாவில் நடந்தது கண்முன் இருக்கிறது. தீவுத் துண்டுகளை இணைக்கக் காயலின் குறுக்கே பாதைகள் எழுந்தன. மீன் முட்டையிடக் கடலுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. எஞ்சிய வழிகளில் வலைகள் நின்றன. ஒருகாலத்தில் அக்காயலில் மலிந்திருந்த இகாரி அருகிப்போயிற்று. அங்கே தூண்டிற்காரரும் இல்லை. குழம்புக்கு மீனும் குறைவு.

கிறிஸ்மஸ் தீவில் அவ்வழி இன்னும் திறந்திருக்கிறது. முழுநிலவை ஒட்டிய நாட்களில் இகாரிகள் பெருங்கூட்டமாகப் பழைய பாரிஸ் அருகேயுள்ள மணற்பரப்பில் திரண்டு, அங்கிருந்து ஆழ்கடலுக்கு முட்டையிடச் செல்கின்றன. அம்மீனைப் பிடிப்பதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் அவ்வளவு பெரிய காயலை இரவெல்லாம் காத்து நிற்பது எளிதன்று. ஆகையால் அந்நாட்களில் வலையோடு எவரேனும் வருகிறாரா என்பதை முதலில் காணும் கண்கள், பகலில் நிழல் தேடிப் பழகிய அந்த வழிகாட்டிகளின் கண்களே.