தடைக்காலப் பணம்: இலவசமா? ஈடா?



"உங்க ஆளுங்களுக்கு என்னப்பா, வீட்ல உட்காந்தாலே கவர்மெண்ட் பணம் போடுது!" பழவேற்காட்டுப் பையன் என்று தெரிந்ததும் என்னிடம் பலர் சொல்வது இது. அந்தப் பணம் என்ன பணம் என்று விளக்கவே இந்தக் கட்டுரை.

கிழக்குக் கடற்கரையில் மீன் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழகத்தில் இந்தத் தடை 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017-ல் 61 நாட்களானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இதற்குத்தான் கடல் மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம். ரூ.5,000 ஆக இருந்த தொகையை ரூ.8,000 ஆக்குவதாக 2023-ல் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். 61-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு ரூ.131. இதில் அரிசி, வட்டி, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அடங்கணும்!

அடுத்தது சேமிப்பு நிவாரணத் திட்டம். இதில் மீனவர் தன் கையிலிருந்து ரூ.1,500 கட்டுகிறார். மத்திய அரசு ரூ.1,500, மாநில அரசு ரூ.1,500. மொத்தம் ரூ.4,500, மீன் குறைந்த மாதங்களில் திரும்ப வருகிறது. மூன்றில் ஒரு பங்கு அவருடைய சொந்தப் பணம்! இதை இலவசம் என்று எப்படிச் சொல்வது?

விவசாயிக்கு 2019 முதல் பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் ரூ.6,000 வருகிறது. அதற்கு ஆதாரம் நிலம். கடலுக்கும் ஏரிக்கும் பட்டா ஏது? மீனவருக்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவுதான் பட்டா. அதில் பெயர் இல்லையென்றால் எத்தனை வருஷம் வலை இழுத்தாலும் கணக்கில் வராது.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே அதே 61 நாட்களுக்கு 2019-ல் ரூ.10,000 ஆன தொகை, 2025-ல் ரூ.20,000 ஆனது. தண்ணி ஒண்ணு, மீன் ஒண்ணு, தொகை மட்டும் ரெண்டு!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடலின் தடைக்குத் தேதி உண்டு. ஏரிக்கு? முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் 'பாடு' என்று முறைவைத்துத்தான் ஏரியில் வலை கட்டுவார்கள். இறாலே இல்லாதபோது முறை வந்தும் என்ன பயன்? வாயில் பறியைக் கவ்வி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஏரி வற்றினால் முதலில் பட்டினி அவர்கள் வீட்டில்தான். இந்த நாட்களைத் தடைக்காலம் என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை.

ஆகவே நண்பர்களே, தடைக்காலப் பணம் தானம் அல்ல. நாளைக்கு எல்லாருக்கும் மீன் கிடைக்க, இன்று வேலையை நிறுத்தியவருக்குத் தரும் ஈடு. அது போதுமா, சரியான ஆளுக்குப் போகுதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் விண்ணப்பத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். லீவில் ஊருக்குப் போனதும் நாலு வீட்டுக்காவது சங்க அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்த மனு எழுதிக் கொடுங்கள். நாம் படித்த படிப்புக்கு அது முதல் பயன்!