பற்றாசும் பயில்வோர் கருவிகளும்

ஆசிடை நேரிசை வெண்பாவைக் கற்பிக்கும் ஆசிரியர், பொற்கொல்லர் பட்டறையை நினைவூட்டாமல் இருப்பதில்லை. முதற்குறளும் தனிச்சொல்லும் நேரே பொருந்தாவிடில், இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அவ்வசைக்கு ஆசு என்று பெயர். அணிகலனின் இரு துண்டுகளைப் பிணைக்கும் பற்றாசே இவ்வுவமையின் பிறப்பிடம். வானொலி முதலிய மின்னணுக் கருவிகளின் உறுப்புகளைப் பலகையில் பிணைத்து நிறுத்துவதும் ஒருவகைப் பற்றாசே. அதனைக் கடைக்காரர் சால்டர் ஈயம் என்பர்.

சில ஆண்டுகட்கு முன், மாணவர் சிலருக்கு அழைப்பு மணி ஒன்றைச் செய்யக் கற்பிக்கப் புகுந்தேன். மிக மலிவான பற்றவைப்புக் கோல்கள் ஐந்தும், தகரவேலைக்குரிய அமிலப் பசை ஒரு டப்பாவும் வாங்கி வந்தேன். ஈயம் உருண்டு விழுந்ததேயன்றி ஒட்டவில்லை. ஒட்டிய சிலவும் நாளடைவில் பச்சை பூத்து அற்றுப்போயின. “எனக்குக் கை வராது, ஐயா” என்று ஒரு சிறுவன் ஒதுங்கிக்கொண்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. அன்று கூடமே கோணலாயிருந்தது. பிழை அவன் கையிலன்று. நான் வாங்கிய பொருளில்.

காரணம் யாது? பற்றாசு சூடான, மாசற்ற உலோகத்திலேயே பரவும். காற்றுப்பட்ட செம்பின்மேல் மெல்லிய மாசு படியும். அதனை நீக்குவதே இளக்கியின் வேலை. மின்னணு வேலைக்குரிய பற்றாசுக் கம்பியின் உள்ளே, பைன் மரப் பிசினிலிருந்து பெறும் ரோசின் என்னும் இளக்கி அடங்கியிருக்கும். அமிலப் பசையோ மாசோடு நில்லாது, பின்னர்ச் செம்பையும் அரிக்கும். ஆகவே அதனை அறவே விலக்குக.

இனி, கம்பியின் வகை. வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கலந்தது ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் முழுதும் உருகும், பழகுவதற்கு எளிது. ஆனால் காரீயம் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்தியுள்ளது. வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 விழுக்காடு கொண்டது 227 பாகையில் உருகும். சிறுவர் கையாளுவதற்கு இதனையே நான் தேர்வேன். கம்பியின் பருமன் 0.8 மில்லிமீட்டர் போதும்.

இக்கம்பிக்குச் சற்று மிகுந்த வெப்பம் வேண்டுமாதலின், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் 60 வாட் கோல் ஒன்று, கட்டுப்பாடற்ற மலிவுக் கோல் ஐந்தினும் மேலானது. அதனை 350 பாகை அளவில் வைக்கலாம். ஊசிமுனையினும் உளிபோன்ற தட்டை முனை வெப்பத்தை நன்கு கடத்தும். முனையின் உட்பகுதி செம்பு, மேற்பூச்சு இரும்பு. அரத்தால் தேய்த்தால் பூச்சுப் போய் முனை கெடும். ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்துச் சிறிது பற்றாசு பூசி வைப்பதே முறை.

அசையாத தாங்கி, சிறு வெட்டுக்குறடு, பிழை திருத்தச் செம்புப் பின்னல் நாடா, இணைப்பைச் சோதிக்க மல்டிமீட்டர், கண்ணாடிக் கவசம் ஆகியவையும் வேண்டும். எழும் புகை பெரும்பாலும் ரோசினுடையது. அது மூச்சிரைப்பை உண்டாக்கலாம். ஆதலின் புகையை முகத்தினின்று விலக்கும் விசிறியும் திறந்த சாளரமும் தேவை. வேலை முடிந்ததும் கைகழுவிய பின்னரே உண்ணல் வேண்டும்.

செய்முறை சிறிதே. கோலின் முனை, உறுப்பின் காலையும் பலகையின் செம்பையும் ஒருங்கே தொடுக. ஒரு நொடி கழித்துக் கம்பியை முனையில் வையாது இணைப்பிலேயே வைக்க. உருகிப் பரவியதும் முதலிற் கம்பியையும் பின்னர்க் கோலையும் எடுக்க. உறையும்வரை அசைக்கலாகாது. நல்ல இணைப்பு காலைச் சுற்றிச் சரிந்து பரவி நிற்கும். உருண்டை திரண்டு நிற்பது குளிர்ந்த இணைப்பு. பளபளப்பை மட்டும் நம்பற்க. காரீயமற்ற பற்றாசு நன்கு பற்றினும் சில வேளை மங்கித் தோன்றும்.

அச்சிறுவனிடம் பின்னர் நல்ல கோலொன்றைக் கொடுத்தேன். மூன்றாம் இணைப்பிலேயே ஈயம் பரவி நின்றது. ஆசிரிய நண்பர்களே! மாணவனுக்குக் கை வராது என்று தீர்ப்புக் கூறுமுன், அவன் கையில் நாம் கொடுத்தது யாதென ஒருகால் பார்ப்போமாக.