தாவிக் குதிக்கும் மரியோவின் கதை



சிவப்புத் தொப்பியும் அடர்ந்த மீசையும் உடைய ஒரு சிறு மனிதன் திரையில் ஓடுவான், பள்ளத்தைத் தாண்டுவான், எதிரியின் தலைமேல் குதிப்பான். அவன் பெயர் மரியோ. 1990ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டுத் தயாரிப்பான 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டியின் வழியாக இத்தகைய விளையாட்டுகள் மலேசிய வீடுகளுக்கு வந்தன. தோட்டத்தில் வளர்ந்து, பின்னர் மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த பெற்றோரில் சிலரும் சிறு வயதில் அதனை விளையாடியிருக்கக்கூடும். இன்று அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள். பாடப் புத்தகத்தின் முன் பத்து நிமிடம் உட்காராத பிள்ளை, விளையாட்டில் ஐம்பது முறை தோற்றாலும் எழுந்திருப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன? மரியோவின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது நிண்டெண்டோ நிறுவனம். முதலில் அது பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்றது. வீடியோ விளையாட்டுத் தொழிலில் இறங்கியபின், காசு போட்டு ஆடும் இயந்திரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவற்றுள் ஒரு வகையில் ஏறத்தாழ 2000 இயந்திரங்கள் விலை போகாமல் கிடங்கில் தேங்கின. அவற்றுக்கு ஏற்ற புதிய விளையாட்டை உருவாக்கும் பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வந்தது. 1981இல் 'டாங்கி காங்' பிறந்தது. பெரிய குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். தச்சன் ஒருவன் அவற்றைத் தாண்டி மேலே ஏற வேண்டும். மேடைக்கு மேடை தாவும் விளையாட்டுகளுக்கு இது முன்னோடி. அந்தத் தச்சன்தான் மரியோ. அமெரிக்காவில் நிறுவனத்தின் கிடங்குக்குச் சொந்தக்காரரான மரியோ செகாலியின் பெயரே அவனுக்கு வைக்கப்பட்டது.

அவன் தோற்றமும் வறுமையில் பிறந்ததுதான். கட்டத்துணியில் பூத்தையல் போடுவதுபோல், மிகச் சில புள்ளிகளால் அவனை வரைய வேண்டியிருந்தது. வாய் வரைய இடமில்லை; மீசை வந்தது. தலைமுடி வரைவது கடினம், தொப்பி வந்தது. கை அசைவது தெரிய வேண்டும். உடலுக்கும் கைக்கும் வேறு வேறு நிறம் வந்தது.

1985 செப்டம்பர் 13ஆம் நாள் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வெளிவந்தது. மியாமோட்டோவும் தக்காஷி தெசுக்காவும் அதன் பாதைகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார்கள். முழு விளையாட்டும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். சிக்கனத்துக்காக, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். இருந்தும் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன.

நேயர்களே, இதன் முதல் கட்டத்தைச் சற்றுக் கவனியுங்கள். "இப்படி ஆடு" என்று ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. மரியோ இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். ஆகவே பிள்ளை வலப்பக்கம் நடக்கிறது. ஓர் எதிரி வருகிறான். சும்மா நின்றால் தோல்வி. ஆனால் போனது சில வினாடிகள்தாம். அடுத்த முறை பிள்ளை குதிக்கிறது. இன்னும் சற்றுத் தொலைவில் படிக்கட்டுபோல் இரண்டு அடுக்குகள். இடையில் தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை. அதைத் தாண்டியபின் அதே அமைப்பு மீண்டும் வருகிறது. இப்போது இடையில் பள்ளம்! முதலில் ஆபத்தில்லாத பயிற்சி, பிறகு சோதனை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறையும் இதுவே: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து கடினமானதற்கு.

பிள்ளை ஏன் எழுந்து போவதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? விளையாட்டு அதனை "மக்கு" என்று திட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. உடனே இன்னொரு வாய்ப்புத் தருகிறது. கணக்கில் தவறினால் நாம் அவ்வாறு செய்கிறோமா? வீட்டுப்பாடம் தொடங்கும்போது பிள்ளைக்குத் தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுங்கள். தவறினால் திட்டாமல், "இன்னொரு முறை போடு, ஐயா" என்று சொல்லிப் பாருங்கள்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கை. சூப்பர் மரியோவில் 32 கட்டங்கள். இளவரசியை மீட்டதும் கதை முடிந்துவிடும். இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. தோற்றால் பணம் கட்டி மேலும் வாய்ப்பு வாங்கச் சொல்லும்; நாள்தோறும் வந்தால் பரிசு என்று ஆசை காட்டும். எனவே பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதற்கு முடிவு உண்டா? இது காசு கேட்கிறதா? பணம் செலுத்தும் வசதியைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வையுங்கள். விளையாட்டு நேரத்தையும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாளில் கணக்கு நோட்டின் கட்டத் தாள் ஒன்றைக் கொடுத்து, "நீயே ஒரு மரியோ பாதை வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். எங்கே பள்ளம், எங்கே படி, எது முதலில், எது பிறகு என்று பிள்ளை சிந்திக்கும். மியாமோட்டோவின் கையிலும் அன்று இருந்தது அத்தகைய தாள்தான்.