பாட்டு ஏன் பாடவில்லை?

மைசூரில் 1935இல் பேராசிரியர் கோபாலசுவாமி தம் இல்லத்தில் தொடங்கிய வானொலி நிலையம் 'ஆகாசவாணி' என்னும் பெயர் பெற்றது. அன்று காற்றில் வந்த இசை இன்று விரலளவு பென்டிரைவில் அடங்கிவிட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதைக் காரில் செருகுகிறோம். சில வேளை அது பாடுவதில்லை. காரணம் என்ன?

பெரும்பாலும் கருவியில் பழுதில்லை. பதிந்த முறையே வேறு. பல கார்கள் 'ஃபேட்32' என்னும் முறையை மட்டுமே அறியும். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவுகளோ பெரும்பாலும் 'எக்ஸ்ஃபேட்' முறையில் விற்பனைக்கு வருகின்றன. இந்நகருக்கு வந்த புதிதில் பேருந்தின் கன்னடப் பலகை முன் நம்மில் பலர் திகைத்து நின்றோம் அல்லவா? காரின் நிலையும் அதுவே.

செய்ய வேண்டுவன சில. முதலில், செருகும் துளை கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் அமைந்ததா என்று பாருங்கள். அப்படியாயின் வேறு துளையில் செருகுங்கள். அடுத்து, பாடல்களைக் கணினியில் படியெடுத்து வையுங்கள். மறந்தால் அத்தனையும் அழிந்துவிடும். பின்னர் 32 ஜிபி பென்டிரைவு ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பாடல்களை எம்பி3 கோப்புகளாக ஏற்றுங்கள். 'ஃப்ளாக்' போன்ற பிற வகைகளைப் பழைய கருவிகள் பல ஏற்பதில்லை.

நண்பர்களே, இச்சோதனையைப் புறப்படுமுன் விடுதியிலேயே முடித்துவிடுங்கள். சத்தியமங்கலம் செல்லும் வழியில், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், வண்டி ஓட்டுபவரின் கையும் கண்ணும் பாட்டுப்பெட்டியில் இருத்தல் ஆகாது. வீட்டில் நமக்காக விழித்திருப்போர் உண்டு.