எண்கள் படம் காட்டும் மாயம்... இதெல்லாம் தெரியுமா?

2023 மார்ச் வெள்ளத்தை மலேசியாவின் யோங் பெங் வட்டாரம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. இப்போது வானம் இருட்டினாலே கைப்பேசியில் ரேடார் படத்தைத் தேடுகிறோம். இப்படி எண்களைப் படமாக்கும் அறிவியல் மென்பொருள்களைப் பெற்றது ஒரு பாடு என்றால், வளர்ப்பது ஏழு பாடு!

● உலக விஞ்ஞானிகள் பயன்படுத்தும் 'மாயாவி' மென்பொருள் நம் சென்னையில் பிறந்தது தெரியுமா? ஐஐடி மெட்ராஸில் விமானவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரபு ராமச்சந்திரன், காற்றோட்டக் கணக்குகளை முப்பரிமாணத்தில் பார்க்க எழுதியது. 2001-லேயே வந்துவிட்டது. இன்றுவரை இலவசம்!

● அந்த மாயாவிக்கே அடித்தளம் வேறொன்று! 1993-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த மூவர் ஒரு புத்தகத்துக்குத் துணையாக எழுதத் தொடங்கிய விடிகே அது. அதற்கும் அடியில், திரையில் படம் வரையும் ஓபன்ஜிஎல். அடியில் ஒன்று அசைந்தால் மேலே எல்லாமே ஆட்டம் காணும். 2018-ல் ஆப்பிள், தன் கணினிகளில் ஓபன்ஜிஎல்லை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தபோது எத்தனை பேர் வயிற்றில் புளி கரைந்திருக்கும்!

● ஒரு ஜோடி அடைப்புக்குறி இல்லாததால் பழைய நிரல் படுத்துவிடும், தெரியுமா? மாயாவி எழுதப்பட்ட நிரல்மொழி பைத்தான். அதன் பழைய பதிப்பான பைத்தான் 2-ல் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டாம். பைத்தான் 3-ல் அது இல்லாவிட்டால் நிரல் தொடங்கவே தொடங்காது. 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கு ஆதரவும் நின்றது. வேறு வழியில்லை, திருத்தியே ஆகவேண்டும்!

● ஸ்கேன் எண்களிலிருந்து எலும்பின் மேற்பரப்பை வரைந்தெடுக்கும் 'மார்ச்சிங் க்யூப்ஸ்' முறைக்குக் காப்புரிமை இருந்தது தெரியுமா? லோரன்சனும் கிளைனும் 1987-ல் வெளியிட்டது. சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எட்டு மூலைகளையும் உள்ளேயா வெளியேயா என்று பார்க்கும். மொத்தம் 256 சேர்க்கைகள்! காப்புரிமை 2005-ல் முடியும்வரை, விடிகே அந்தப் பகுதியைத் தனியே பிரித்து வைத்திருந்தது.

● வானவில் வண்ணம் கண்ணை ஏமாற்றும், தெரியுமா? எண் சீராக ஏறினாலும், மஞ்சள் பளிச்சென்று நின்று இல்லாத எல்லையைக் காட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். அதனால்தான் வரைபட மென்பொருளான மேட்பிளாட்லிப் 2017-ல் வழக்கமான வண்ணத்தையே மாற்றி 'விரிடிஸ்' கொண்டுவந்தது.

● அந்த மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹண்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்க்கத்தான் அதை எழுதினார். 2012-ல் புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் காலமானார். மற்றவர்கள் கைவிடவில்லை, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான முதல் கருந்துளைப் படத்துக்கும் அது உதவியது!

● உச்சக்கட்டம் இதுதான்! அதே படத்துக்குக் கைகொடுத்த பைத்தான் மென்பொருள்களுக்கு நிதி கேட்டுப் போன விண்ணப்பத்தை, படம் வெளியான ஐந்தே நாளில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. காரணம்? உலகமே வாய்பிளந்து பார்த்தும் 'தாக்கம் போதாது'!