பச்சைப் புல் இருந்தால் மட்டும் பசுமையாகிவிடுமா?



காற்பந்துத் திடல் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆனால் புல்லுக்குத் தெளிக்கும் மருந்து, இரவு ஆட்டத்திற்கு எரியும் விளக்குகள், ஆட்டம் முடிந்தபின் குவியும் போத்தல்கள், ரசிகர்களின் வாகனப் புகை ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுத்தால் அது உண்மையில் பசுமைதானா?

இக்கேள்விக்குச் செயலில் விடை தந்தது இங்கிலாந்தின் நெய்ல்ஸ்வொர்த் எனும் சிற்றூரைச் சேர்ந்த ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ். 1889இல் தொடங்கிய இக்குழு, லிவர்பூல் போலப் பெயர்பெற்ற பெரிய குழு அல்ல. 2010இல் பண நெருக்கடியில் தவித்தபோது, காற்றாலை மின்சாரத் தொழில் நடத்தும் டேல் வின்ஸ் அதன் தலைவரானார்.

அவர் முதலில் கைவைத்தது சாப்பாட்டில். கால்நடை வளர்ப்பால் மீத்தேன் வாயு பெருமளவில் வெளியாகிறது. எனவே 2011இல் சிவப்பு இறைச்சி நிறுத்தப்பட்டது. 2015இல் பால், முட்டைகூட இல்லாத முழுத் தாவர உணவே ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் வழங்கப்பட்டது.

அடுத்து திடல். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தப்பட்டன. திடலில் வடியும் மழைநீரைச் சேமித்து மீண்டும் புல்லுக்கே பாய்ச்சினர். கூரையில் சூரியசக்தித் தகடுகள் பொருத்தப்பட்டன. புல் வெட்டும் இயந்திரமும் சூரியசக்தியில் ஓடியது.

2018இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் இக்குழுவைக் கரிம நடுநிலை பெற்ற குழுவாக அங்கீகரித்தது. கரிம நடுநிலை என்றால் புகையே இல்லை என்று பொருளல்ல. முதலில் வெளியேற்றத்தை அளக்க வேண்டும். பிறகு இயன்றவரை குறைக்க வேண்டும். எஞ்சியதற்கு ஈடாக வேறிடத்தில் கரிமத்தைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் தரவேண்டும்.

“இதனால் ஆட்டத்தில் வென்றார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். 2017இல் முதன்முறையாக இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கில் நுழைந்தார்கள். 2022இல் நான்காம் பிரிவில் வெற்றியாளர் பட்டம் பெற்றார்கள். ஆனால் 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கீழிறக்கப்பட்டு, அந்த லீக்கையே விட்டு வெளியேறினார்கள். ஆக, பசுமைக் கொள்கை கோல் போட்டுத் தராது. வெற்றிக்குத் தடையாகவும் நிற்காது. வெற்றிக்காக மட்டும் பசுமையை நாடும் குழு, முதல் தோல்வியிலேயே அதைக் கைவிட்டுவிடும்.

பணக்காரத் தலைவர் இருந்ததால் இது முடிந்தது என்பதும் ஓரளவு உண்மையே. ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் தேவையில்லை. பொதுவாக ஒரு குழுவின் கரிமக் கணக்கில் பெரும்பங்கு ரசிகர்களின் பயணமே. நான்கு பேர் நான்கு காரில் வருவதற்குப் பதில் ஒரே காரில் வந்தால் யாருக்கும் செலவில்லை, மிச்சம்தான்.

நம் வட்டாரக் குழுக்களும் இப்படித் தொடங்கலாம். ஒவ்வொரு விளையாட்டாளரும் தம் போத்தலைக் கொண்டுவந்து, பொதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். சிறுவர்களுக்குச் சிறிதாகிப்போன காலணிகளைத் தம்பிமார்களுக்குக் கொடுக்கலாம். நம் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துத் திடலுக்கு ஊற்றலாம். பயிற்சி முடிந்ததும் விளக்கை அணைக்க ஒருவரைப் பொறுப்பாக்கலாம்.

முக்கியமாக, மாதம் ஒருமுறை மின்கட்டண ரசீதையும் தண்ணீர் ரசீதையும் செயற்குழுக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். அளந்தால்தான் குறைக்க முடியும். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் விளையாட இந்தத் திடல் மிஞ்சவேண்டும் அல்லவா?